டைப் அக்கா அடிக்க மறுத்த வரி

குடும்ப நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் பதினோரு வருடமாக டைப் அக்கா. அவளுக்கு வேறு பெயர் உண்டு என்பதே வக்கீல்களுக்கு மறந்துவிட்டது. பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் யாரும் எழுதிக் கொடுக்கக்கூட வேண்டாம். பழைய மனுவைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, டீ ஆறுவதற்குள் கையில் கொடுத்துவிடுவாள். மூன்றாவது பத்தியில் “இருவருக்கும் ஏற்பட்ட கருத்து வேறுபாடு காரணமாக” என்ற வரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இப்போது அவளுக்கே விவாகரத்து. கணவர் மருந்துக்கடைக்காரர். தங்கமான மனிதர் என்று தெருவே சொல்லும். அந்தத் தங்கம்தான், கேட்காமல் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள் என்று, நிலைப்படியில் அவள் கை இருப்பது தெரிந்தே கதவை அறைந்து சாத்தியது. வலது ஆள்காட்டி விரல் கோணிப்போயிற்று. கட்டுப்போடத் துணியும் பஞ்சும் அவர் கடையிலிருந்தே வந்தன. “இவளுக்குக் கவனமே கிடையாது” என்று பார்க்க வந்தவர்களிடம் அலுத்துக்கொண்டதும் அவரேதான். அன்றிலிருந்து அவள் ஒன்பது விரலால்தான் டைப் அடிக்கிறாள்.

ஒன்றரை வருடமாகத் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறாள். வழக்கு நடத்தி அந்த முகத்தை இன்னும் ஐந்து வருடம் பார்க்கத் தெம்பில்லை. விட்டால் போதும் என்றுதான் நீதிமன்றச் சமரச மையத்தில் பேசிப் பிரியச் சம்மதித்தாள். இரண்டு அமர்வில் எல்லாம் பேசி முடிந்தது. மூன்றாவது நாள் ஒப்பந்தத்தை டைப் செய்து கையெழுத்துப் போட வேண்டும். சமரச மையத்து டைப்பிஸ்ட் அன்று பார்த்து லீவு.

“நீயே அடிச்சிடேம்மா, உனக்குத் தெரியாததா?” என்றார் சமரசம் பேசிய வக்கீலம்மா.

கல்யாணப் பத்திரிகையை மணப்பெண்ணே அச்சடித்ததாக எங்காவது கேட்டதுண்டா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது பத்தியில் கை நின்றது. கருத்து வேறுபாடாம்! வேறுபடுவதற்கு, பதினாறு வருடக் குடித்தனத்தில் அவளிடம் யார் கருத்துக் கேட்டார்கள்? கதவுக்கும் விரலுக்கும் நடுவில் என்ன கருத்து வேறுபாடு? அந்த வரியை விட்டுவிட்டு மீதியை அடித்தாள்.

மருந்துக்கடைக்காரர் திரையைப் படித்துப் பார்த்தார். “கருத்து வேறுபாடுன்னு ஒண்ணு போடுவாங்களே, அது எங்க?”

“அது தேவையில்லை. ஒரு வருஷத்துக்கு மேல பிரிஞ்சிருக்கோம், சேர்ந்து வாழ முடியல, ரெண்டு பேருக்கும் சம்மதம். கோர்ட்டுக்கு இது போதும்.”

“போதும்தான்” என்றார் வக்கீலம்மா.

“எனக்குப் போதாது. கடைக்கு நாலு பேர் வர்றாங்க. காரணமே இல்லைன்னா தப்பு என் மேலன்னு நினைப்பாங்க. அந்த வரி இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

வக்கீலம்மா அவளைப் பார்த்தார். “ஒரு வரிதானேம்மா? போட்டுட்டா முடிஞ்சிடும்ல.”

ஒரு வரிதானே! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கணவர் எழுந்து போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விசைப்பலகைமேல் வைத்தாள். கோணல் விரல் மட்டும் எந்த எழுத்தையும் தொடாமல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

“சரி, காரணம் போட்டுடலாம். என்ன நடந்ததுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்.”

கணவர் அந்த விரலைப் பார்த்தார். வக்கீலம்மாவும் பார்த்தார்.

“இப்படியே இருக்கட்டும், பேனா குடுங்க” என்றார் மருந்துக்கடைக்காரர்.

மறுநாள் காலை ஒரு வக்கீல் குமாஸ்தா, ஓர் இளம்பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். “அக்கா, வழக்கமானதுதான். சீக்கிரம்.”

பழைய மனுவைத் திறந்தாள். மூன்றாவது பத்தி. இந்த ஒரு வரியால் எத்தனை பெண்களின் வாயைத் தன் கையாலேயே அடைத்திருக்கிறாள்! ஆத்திரம் இந்த முறை அவளுக்குத் தன் மேலேயே வந்தது.

“நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்று குமாஸ்தாவை அனுப்பினாள். ஸ்டூலை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினாள்.

“உக்காரும்மா. இந்த வரியைப் படிச்சுப் பாரு. இது உனக்கு நடந்ததுதானா?”