தாலியைக் கழற்றினால்தான் படம்

என் கையெழுத்து கோணல். ஐந்தாவதோடு நின்றவன், ஒற்றெழுத்தில் தப்பு வரும். பொறுத்துப் படியுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன். ஸ்கேன் வாசலில் உங்களுக்கும் பஞ்சாயத்து நடக்கலாம்.

போன வருடம் தக்காளி பறிக்கும்போது என் மனைவி ராணியின் இடது கையிலிருந்து கூடை நழுவியது. தலைவலி ஏற்கெனவே இருந்தது. காரிமங்கலத்தில் ஒரு டாக்டர் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் "டென்ஷன்" என்று மாத்திரை எழுதினார். அடுத்த வாரம் களத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள்.

தர்மபுரியில் முதலில் சி.டி. (எக்ஸ்ரே கதிரால் குறுக்காக எடுக்கும் படம்) எடுத்தார்கள். ஏதோ நிழல் இருந்தது, என்னவென்று தெளிவாகவில்லை. எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்பின் உள்ளே காட்டும் கருவி) எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா.

"புது மிஷினுங்க. முன்னெல்லாம் இதுக்கு பெங்களூரு அலையணும். இன்னைக்கே எடுத்துடுங்க. தள்ளிப் போட்டா கை வராமலே போயிடும்."

காந்தத்துக்கு முன்னால் உலோகம் எதுவும் போகக் கூடாது என்று வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழன்றன. தாலி என்றதும் ராணியின் அண்ணன் குறுக்கே வந்தார். வேனில் கூட வந்த சொந்தமும் எழுந்து நின்றது. அதுவரை கறிவிருந்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்ளோ முன்னேற்றம்ங்கறீங்க, தாலியோட எடுக்கற மிஷின் வரலீங்களா?" என்று ஸ்கேன் எடுப்பவரிடம் கேட்டார் மச்சான்.

"வந்தா சொல்லியனுப்பறேங்க. இப்ப கழட்டுங்க."

வருடத்துக்கு ஒரு புது செல்போன் வாங்குகிற ஆள் இவர். உலகமே கைக்குள் இருக்கிறது என்பார். தங்கச்சி தலைக்குள் இருப்பதைப் பார்க்க மட்டும் ஜோசியரைக் கேட்க வேண்டுமாம். "வெள்ளிக்கெழம கழட்டக் கூடாது. நாள் பாத்து வரலாம்" என்றார். கூட்டம் ஆமாம் போட்டது. உள்ளே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குத்தான் கூட்டத்தில் பேச வராதே. ஆனாலும் சொன்னேன்: "தாலி போனா என் உசுருதானுங்க மச்சான் போவும். எனக்கே பயமில்ல, உங்களுக்கென்ன?"

"மாப்ள, பேசத் தெரியாதவங்க பேசாம இருந்தாத்தான் மரியாதை."

ராணி என் பக்கம் கழுத்தைச் சாய்த்தாள். "நீங்க கட்டினது, நீங்களே கழட்டுங்க. இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு இன்னொரு தரம் இழுத்துக்கும்."

கழற்றினேன். யாரும் சாகவில்லை.

மூளையின் உறையில் நெல்லிக்காய் அளவு கட்டி. அதன் ஓரம்கூடக் கோடு போட்டது போலத் தெரிந்தது. ஓரம் தெரிவதால் தைரியமாக எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. சேலத்தில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். புற்று இல்லை.

தான் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதால்தான் தங்கச்சி பிழைத்தாள் என்று மச்சான் இப்போது சந்தையில் சொல்லித் திரிகிறார். தெய்வத்தை நான் குறை சொல்லவில்லை. நாள் பார்க்கச் சொன்னது அது அல்ல, இவர். உங்களோடும் இப்படி ஒருவர் வருவார். வேனிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

அவள் கை முக்கால்வாசி வந்துவிட்டது. சடை மட்டும் பின்ன வராது, நான் பின்னிவிடுகிறேன். முடிக்கு அடியில் எலும்பு சேர்ந்த இடம் வரப்பு போல விரலில் தட்டும். அங்கே வந்ததும் என் கை தானாக மெதுவாகிவிடுகிறது.

முன்பு எங்களுக்கு வருடம் என்றால் தக்காளி, ராகி, புளி. இப்போது ஒரு படத்திலிருந்து அடுத்த படம் வரை. கட்டி திரும்பவும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாளைக்குப் போகிறோம். மச்சானிடம் சொல்லவில்லை.

மாசி பன்னிரண்டு.