சூளைக்குப் போன மூக்குக் கண்ணாடி

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குக் குறைச்சலில்லை. அவற்றில் ஒன்றில், வெந்து வந்த கோப்பைகளைத் தரம் பிரிக்கும் நாற்காலி தர்மராஜுடையது. கரும்புள்ளி இருந்தால் தள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வேலைக்கு அவர் 1971-ல் மாட்டிக்கொண்டு வந்தது, பவர் வைத்த கூலிங் கிளாஸ். கடலூர்க் கடைக்காரர் வெள்ளைக் கண்ணாடியைத்தான் எடுத்து வைத்தார். "ஆபீசரு மாதிரி இருக்கணுங்க" என்று காப்பிக் கலரைக் கேட்டு வாங்கியவர் இவர்தான்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு கோப்பைக்கும் குறை கிடையாது. கோப்பையே காப்பிக் கலரில் தெரியும்போது புள்ளி எங்கே தெரியும்? கோப்பைகள் அவரவர் பெயர் எழுதிய தட்டில் அடுக்கி வரும்; தள்ளிய தட்டுக்குக் கூலி இல்லை என்பது பட்டறை வழக்கம். அதனால் வேலையாட்கள் எல்லாரும் அவருக்குக் கும்பிடு போட்டார்கள். தன் மரியாதை கூடிவிட்டதாக மனுஷன் நினைத்துக்கொண்டார். அங்கேயே கோப்பைகளுக்கு மெருகு பூசும் அவர் மனைவி அமிர்தம் மட்டும் சிரித்துக்கொள்வாள்.

திட்டக்குடி டீக்கடைகளிலிருந்து கோப்பைகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தபோதுதான் முதலாளிக்கு உறைத்தது.

"வெள்ளிக்கெழம காலையில கலர் இல்லாத கண்ணாடியோட வாங்க. இல்லேன்னா மண்ணு மிதிக்கப் போங்க."

 தர்மராஜ் பதினெட்டு வருஷம் களிமண்ணைக் காலால் மிதித்துப் பிசைந்தல்லவா அந்த நாற்காலிக்கு வந்திருந்தார்! கடலூரில் புதுக் கண்ணாடிக்குப் பத்து நாளாகும். வெள்ளிக்கிழமைக்கோ நாலு நாள்தான். ஆகவே இருக்கிற கண்ணாடியிலிருந்து கலரை எடுக்கக் கிளம்பினார். புளி போட்டுத் தேய்த்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். கண்ணாடி பளபளத்ததே தவிர, கலர் அசைந்து கொடுக்கவில்லை.

சூளை போடும் பக்கிரியிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை.

"நம்ம களிமண்ணு கறுப்பாத்தானேண்ணே வருது? சூளையில வெந்தா வெள்ளையாவுது இல்ல? கண்ணாடி மட்டும் ஆவாதா?"

பீங்கான் ஊர்க்காரருக்கு இதைவிட என்ன நியாயம் வேண்டும்? ஃப்ரேமைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இரண்டையும் கழற்றி ஒரு கோப்பைக்குள் போட்டுக் கொடுத்தார். "பதமாப் பாத்துக்க" என்று வேறு சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சூளையைப் பிரித்தால், கோப்பையின் அடியில் இரண்டும் உருகி, ஆறிய கஞ்சி போல் ஒட்டிக் கிடந்தன. கலர் மட்டும் போகவேயில்லை.

வேறு வழி? வெறும் ஃப்ரேமை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். முதலாளி வாசலில் நின்றபடியே, "இப்பதான் கண்ணாடி சுத்தமா இருக்குது" என்றார். தர்மராஜுக்கு எதிரே எல்லாம் மங்கலான வெள்ளை. புள்ளியுள்ளதை விட்டால் நாற்காலி போய்விடும். நல்லதைத் தள்ளினால் முதலாளி கோபிக்கப்போவதில்லை. வந்த தட்டையெல்லாம் தள்ளினார். தட்டில் சாக்கட்டியால் எழுதியிருந்த பெயரும் அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தட்டைத் தள்ளியதும் முதலாளி கைதட்டியே விட்டார்.

"கட்டுன பொண்டாட்டி தட்டையே தள்ளிட்டாருய்யா! இவருல்ல மனுஷன்! இனிமே இந்த நாற்காலி இவருக்குத்தான்."

முதலாளி போனதும் அமிர்தம் வந்து நின்றாள். ஃப்ரேமுக்குள் விரலை விட்டு, கணவரின் கண்ணுக்குக் கீழே ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்தாள்.

"என் தட்டுல ஒரு புள்ளி இல்லீங்க. ஒவ்வொண்ணாப் பாத்துத்தான் அடுக்குனேன்."

தர்மராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தார். எழுந்திருக்கவில்லை.

"அடுத்த தட்டக் கொண்டாங்க" என்றார்.