எறும்பு தொடாத கோப்பி

எறும்புக்கு ஆள் தெரியுமாம்... போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா அப்படித்தான் அடித்துச் சொன்னார்.

அக்கா இருப்பது கோலா கெத்தில் பக்கம், தோட்டத்து வீட்டில். மச்சான் இறந்து எட்டு மாதமாகிறது. தினமும் காலையில் அவர் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் கறுப்புக் கோப்பி வைக்கிறார். சாயங்காலம் வரை ஓர் எறும்புகூட அதில் வாய் வைப்பதில்லை.

"அவரு குடிக்கிறாரு. எறும்புக்கு அது தெரியுது லா," என்றார் அக்கா. "என்னைக்கு எறும்பு மொய்க்குதோ, அன்னைக்கு அவரு போயிட்டாருன்னு அர்த்தம். அப்புறம் நான் பையன் வீட்டுக்குப் போறேன்."

சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அந்தப் பையனுக்குத்தான் தவிப்பு. அம்மா தனியாக விழுந்து கிடந்தால் யார் தூக்குவது? "மாமா, நீங்கதான் எதையும் நம்பமாட்டீங்களே. போய்ப் பேசி அம்மாவைக் கூட்டிட்டு வாங்க," என்று என்னை அனுப்பியிருந்தான்.

நான் நம்புவேனா? இனிப்பைத் தேடிப் போவது எறும்பின் பிறவிக் குணம். இது யாருடைய கிளாஸ் என்று யோசிக்கும் புத்தி அதற்கு ஏது? ஊதுவத்திப் புகைதான் விரட்டுகிறது என்று சந்தேகப்பட்டேன். மச்சான் கோப்பியையும், அக்கா எனக்குப் போட்டுத் தந்த கோப்பியையும் எடுத்துப்போய் சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். அங்கே எப்போதும் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும்.

கால் மணி நேரம்தான். என் கிளாஸை மொய்த்துவிட்டன. மச்சான் கிளாஸ் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது – ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் சந்தேகப் புத்தி விடுமா? மச்சான் கோப்பியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே கசப்பு.

"என்னக்கா, இதுல சீனியே போடலையா?"

"அவருக்கு இனிப்பு நீர் வியாதியாச்சே தம்பி. நான் எப்படிப் போடுவேன்?"

பிடித்துவிட்டேன் திருடனை. ஜெயித்த தெம்பில், "நாளைக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டு வை. எறும்பு வருதா இல்லையான்னு பார்ப்போம்," என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. "அந்தச் சீனிதான் முதல்ல அவரு காலை வாங்குச்சு, அப்புறம் ஆளையே கொண்டு போச்சு. எறும்பைச் சோதிக்க அவருக்கு மறுபடியும் என் கையால சீனி குடுக்கச் சொல்றியா?"

வெட்கமாக இருந்தது. மச்சான் கிளாஸை எடுத்துப்போய் படத்துக்கு முன்னால் பழையபடி வைத்தேன்.

வாசலுக்கு வந்து பையனுக்குப் போன் போட்டேன். "எறும்பும் வராது, அம்மாவும் வரமாட்டாங்க. நீதான் வரணும்."