மேண்டில் கடையின் வெள்ளைப் பொடி

கேஸ் விளக்கின் சுடரில் மாட்டுகிற மேண்டிலைப் போல ரோஷக்கார சாமான் உலகத்தில் கிடையாது. விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். வாங்கிய அன்றே அதை உடைத்துவிட்டு எங்களைத் திட்டிய புண்ணியவான்களே, சிராங்கூன் ரோட்டில் அதைச் செய்து விற்ற நாங்கள் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பத்துப் பங்கு

பருத்தி வலையைத் தோரிய உப்பு நீரில் ஊறவைத்து, காயவைத்துக் கொளுத்துவோம். பருத்தி எரிந்துபோகும். மிஞ்சுகிற வெள்ளைக் கூடுதான் தோரியம் ஆக்ஸைடு. எந்தச் சூட்டுக்கும் அசையாது. ஆனால் தனியாக அது மங்கலாகத்தான் ஒளிரும். நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் சேர்த்தால் கண்ணைப் பறிக்கும். ஒன்றுக்கே இப்படியென்றால் பத்துக்கு எப்படி இருக்கும் என்று என் அதிமேதாவி மூளைக்குத் தோன்றியது. கல்யாண வீட்டுக்குப் போன விளக்கெல்லாம் சிவந்து அழுது வடிந்தன. பெண்ணின் தகப்பனார் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, எழவு வீட்டுக்குச் செஞ்சத எங்க வீட்டுக்கு அனுப்பிட்டியா?"

கறுப்புத்தாள்

அன்றோடு முதலாளி ராவுத்தர் கலக்கிக் கொளுத்துகிற வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக் கடையின் இன்னொரு ஆளான மாணிக்கத்திடம் கொடுத்து, என்னை முன்கடையில் உட்கார வைத்தார். மாணிக்கம் சுத்தக்காரன். கொளுத்திய ஒவ்வொரு மேண்டிலிலும் ஒட்டியிருக்கும் பொடியை வாயால் ஊதிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பான். ஆறு மாதத்தில் இருமல் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் போட்டோ பிடிப்பவர் ஒருவர் சண்டைக்கு வந்தார். வெளிச்சம் புகாத கறுப்புத்தாளில் சுற்றி வைத்திருந்த அவருடைய கண்ணாடித் தகடுகளின் மேல் எங்கள் மேண்டில் பெட்டி இரண்டு வாரம் கிடந்ததாம். கழுவிப் பார்த்தால் தகட்டில் வலை வலையாக மேண்டிலின் உருவம்! திட்டி முடித்தவர், உள்ளே ஊதிக்கொண்டிருந்த மாணிக்கத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தாளைத் தாண்டிப் போற சாமான் தம்பி இது, அந்த ஆளு நெஞ்சுக்குள்ள போயி என்னா பண்ணுதோ?"

முன்கடை

மாணிக்கத்தை முன்கடைக்கு மாற்றுங்கள், நானே உள்ளே உட்காருகிறேன் என்று ராவுத்தரிடம் கெஞ்சினேன்.

"சீமையில வெள்ளக்காரனே வீட்டுக்கு வீடு மாட்டி வச்சிருக்கான்லா, அதுல என்னா விஷம் இருக்கப் போவுது?"

விளக்கு

அடுத்த மழைக்காலத்தில் மாணிக்கம் போய்விட்டான். பொடிதான் காரணமா, சயரோகமா என்று ஆஸ்பத்திரியில் சொல்லத் தெரியவில்லை. நான் ஒழுங்காகக் கலந்திருந்தால் அந்த இடத்தில் நான்தான் இருமியிருப்பேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். துக்க வீட்டுக்கு ராவுத்தர் நல்ல விளக்காக ஒன்று என்னிடம் கொடுத்தனுப்பினார். மாணிக்கத்தின் மனைவி அதை வாசலிலேயே மறித்தாள்.

"தூக்கிட்டுப் போயிருங்கண்ணே, அவரு ஊதுனது போதும், இருட்டுலயே கெடக்கட்டும்."

எங்கள் தொழிலில் மேண்டில் உடைந்தால் மறுநாளே சண்டைக்கு ஆள் வந்துவிடும். ஆள் உடைந்தால் கேட்க ஒரு நாதியில்லை.