நான் நிறுத்திய புத்தக ஏலம்

சகாயராணி டீச்சர் இறந்துவிட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

பழைய ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடும் கைகளாக வந்துகொண்டிருக்கின்றன. "அர்ப்பணிப்புள்ள ஆசிரியை" என்று நானும் டைப் செய்தேன். அனுப்பவில்லை... அழித்துவிட்டேன்.

திரேஸ்புரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. அப்போது நான் அங்கே ஹெட்மாஸ்டர், அவர் நான்காம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள் இருந்தன. யாரும் கேட்டதில்லை.

டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஏலம் விட ஆரம்பித்தார்.

ஒரு கதையை உரக்க வாசிப்பார். முதலை வாயைத் திறக்கும் இடத்தில் டப்பென்று மூடிவிடுவார். "மீதி யாருக்கு வேணும்? எத்தன நாள்ல படிச்சிட்டு வந்து கத சொல்லுவிய?"

ஏலத்தில் கேட்பது நாள் கணக்கு. யார் குறைந்த நாள் கேட்கிறாரோ அவருக்குப் புத்தகம்.

"அஞ்சு நாளு டீச்சர்!"

"மூணு!"

"ஏலே, நீ போன வாரம் எடுத்ததயே முடிக்கல, சும்மா இரி."

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் ஒங்க வீட்டுக்கே வந்து தாரேன் டீச்சர்!"

ஒருதரம்... ரெண்டுதரம்... என்று டீச்சர் மேஜையைத் தட்டுவார். கடற்கரையில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அம்மாமார் கேட்கிற அதே முகத்தோடு கேட்பார்கள். தோற்றதுகளும் ஜெயித்தவள் பின்னாலேயே போகும், வழியில் சேர்ந்து வாசிக்க.

புத்தகங்கள் கசங்கி, கருவாட்டு வாடையோடு திரும்பி வரும். எனக்கு அதுதான் கவலை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு அதிகாரி வந்தார். சத்தத்தைக் கேட்டு, "என்ன சார், ஸ்கூலா, மீன் ஏலமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான். டீ குடித்தார், போய்விட்டார். ரிஜிஸ்டரில் ஒரு குறையும் எழுதவில்லை.

நான்தான் அதை இரண்டு நாள் மனசில் போட்டு உருட்டினேன். திங்கட்கிழமை டீச்சரைக் கூப்பிட்டு, இனி ஏலம் வேண்டாம் என்றேன்.

"அவரு வெளையாட்டுக்குத்தான சார் சொன்னாரு?"

"அடுத்த தடவை எழுதிட்டா டீச்சர்?"

"எழுதட்டுமே. பிள்ளைய புஸ்தகத்துக்குச் சண்ட போடுதுன்னு எழுதுனா நமக்கு என்ன சார் கொறச்சல்?"

ஆனாலும் ஸ்கேல் வைத்து ஓர் அட்டவணை போட்டேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆளுக்கு ஒரு புத்தகம், ஒரு வாரம். எடுத்த தேதி, கொடுத்த தேதி, கையெழுத்து. எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும் என்றும் நினைத்தேன்... அது பொய் இல்லை.

டீச்சர் அதை வாங்கிச் சுவரில் ஒட்டினார்.

அதன்பிறகு எல்லாப் புத்தகமும் தேதி தவறாமல் வந்தது. ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பெண்பிள்ளையிடம், "இதுல என்ன கதை?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். எம் முறைக்கு இதுதான் வந்துச்சு."

அன்றைக்காவது அட்டவணையைக் கிழித்திருக்க வேண்டும். அடுத்த மாதத்துக்குக் கோடு போட்டேன்.

எரிச்சலாக இருக்கிறது. யார்மேல் படுவது? அதிகாரி நிறுத்தச் சொல்லவில்லை. டிபார்ட்மெண்டும் சொல்லவில்லை. என்னிடம் யாருமே சொல்லவில்லை.

போன மாதம் மார்க்கெட்டில் டீச்சரைப் பார்த்தேன். மிகவும் மெலிந்திருந்தார். "சார், நல்லாருக்கியளா? வீட்லயும் கோடு போடுதியளா?" என்று சிரித்தார்.

தப்புச் செய்துவிட்டேன் டீச்சர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சுகர் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவரும் மாத்திரைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார்... நான் தலையாட்டினேன்.

நாளை மாலை அடக்கம். அவர் மகளிடமாவது இதைச் சொல்ல வேண்டும். நேரில் எனக்கு வாய் வராது என்று தெரியும். அதனால் நாலு பேர் பார்க்க இங்கே எழுதிவிட்டேன். நம் ஸ்டாஃப் குரூப்பில் உள்ளவர்கள் இதைப் படித்தால் அவளுக்கு அனுப்புங்கள்.

சமாதானமாகச் சென்று வாருங்கள், டீச்சர்.