சுவரொட்டி ஆதாரம் ஆகாது

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் வளர்ந்துகொண்டிருந்த காலம். மதுரை கோச்சடையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. வகுப்பு இல்லாத நேரத்தில் அந்தக் களஞ்சியத்தைத் திறந்து, தேறாத கட்டுரைகளை நீக்கிக்கொண்டிருப்பேன். நீக்கும் உரிமை பெற்றிருந்த சிலரில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரு தாசில்தார் மிடுக்கு வந்துவிட்டிருந்தது. வட்டச் செயலாளரின் வாழ்க்கை வரலாறா, நீக்கு. எவனோ காதலியைப் பற்றி எழுதியதா, நீக்கு. "வெளியார் எழுதிய ஆதாரம் எங்கே?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் சுவரொட்டியும் வடிவமைக்கிற வேலை. ஓய்வு நேரத்தில் அவர் ஒரு இசை மென்பொருள் எழுதியிருந்தார். உறுமி, பம்பை, தவில் அடிகளைக் கணினியிலேயே கோத்து வாசிக்க வைக்கலாம். தாளக் கருவிகள் வாங்க வசதியில்லாத ஊர்ப்புற இன்னிசைக் குழுக்களுக்காகச் செய்தது. திறந்த மூல மென்பொருள் என்பதால் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படித்துத் திருத்தவும் செய்யலாம்.

ஐப்பசி பிறந்ததும் அச்சகத்து நண்பர் ஒருவர் அதைப் பற்றிக் களஞ்சியத்தில் கட்டுரை போட்டுவிட்டார். இரண்டே நாளில், கடல் தாண்டி இருந்த எங்கள் சக தன்னார்வலர் ஒருவர் அதன் தலையில் "இது குறிப்பிடத்தக்கதா? நீக்கலாமா?" என்று அறிவிப்பு ஒட்டினார். ஒரு வாரம் விவாதம், அப்புறம் முடிவு. அது முடிகிற கையோடு தலைதீபாவளி வருகிறது.

தலைதீபாவளி என்றால் எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் ராஜா. பெண் வீட்டார் தட்டோடு போய் அழைக்க வேண்டும். அழைப்பில் ஒரு சொல் குறைந்தாலும் அவர் வராமல் இருந்துவிடலாம், சொந்தபந்தம் அதை வருஷக்கணக்காகப் பேசும். "மாப்ள மனசு கோணாம நடந்துக்கடா" என்று அப்பா காலையிலும் மாலையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை தொலைபேசியில் இன்னும் தெளிவாகச் சொன்னாள். "அண்ணே, நீ மட்டும் அத அழிச்சேன்னா இந்த வீட்டுல நான் தல நிமிந்து நடக்க முடியாது, பாத்துக்க."

எப்படியாவது காப்பாற்றிவிடத்தான் நானும் ஆசைப்பட்டேன். அந்த மென்பொருளைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளை ஒரு முழுநாள் புரட்டினேன். தும்மல்தான் கிடைத்தது.

அதற்குள் அச்சகத்து நண்பர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். மதுரையில் காதுகுத்துக்கும் சுவரொட்டி, கருமாதிக்கும் சுவரொட்டி. ஆதாரம் வேண்டும் என்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஒருநாள் காலை பேருந்து நிலையச் சுவரில் மாப்பிள்ளை ஆளுயரத்துக்குக் கைகட்டி நின்றார். "உலகக் கலைக்களஞ்சியமே வியக்கும் உறுமி வேந்தே!" என்று தலைக்கு மேல் கொட்டை எழுத்து. அந்தச் சுவரொட்டியைப் படம் பிடித்து, கட்டுரையின் அடியில் முதல் ஆதாரமாகவும் சேர்த்துவிட்டார்கள். களஞ்சியத்தில் இருப்பதற்குச் சுவர் சாட்சி, சுவரில் இருப்பதற்குக் களஞ்சியம் சாட்சி. சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறியது. கடல் தாண்டிய நண்பர் சிரிக்கவில்லை. "இதை ஒட்டியது யார்?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு ஊர்த் திருவிழாவில் அந்த மென்பொருளை வைத்து வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேருந்து ஏறினேன். மேடையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் பழைய கணினி ஒன்று பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டு இருந்தது. அது சூடாகிவிடக் கூடாதென்று ஒருவர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். உறுமி உறுமத் தொடங்கியதும், அதுவரை வேட்டியில் சேறோடு ஓரமாக நின்ற ஆட்கள் நடுவில் வந்து ஆடினார்கள். என் காலும் தாளம் போட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ பேர் செய்ததை நீக்கியிருக்கிறேனே தவிர, நாலு பேர் எழுந்து ஆடும்படி நான் எதையும் செய்ததில்லை.

இடைவேளையில் கீபோர்டுக்காரரைப் பிடித்தேன். "இதப் பத்திப் பேப்பர்ல, புத்தகத்துல எங்கயாச்சும் வந்திருக்காண்ணே?"

"வந்து என்னண்ணே ஆகப்போகுது? எம்புட்டுப் பேரு ஆடுறாங்கன்னு நீங்களே பாத்தீங்கள்ல?"

பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது களஞ்சியத்தில் செல்லாது. ஊரார் கட்டுரைகளை எல்லாம் அந்த விதியைச் சொல்லித் தூக்கிவிட்டு, மாப்பிள்ளைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் என் முகத்தில் நானே விழிக்க முடியாது. மறுநாள் விவாதப் பக்கத்தில் எழுதினேன்: "இதைச் செய்தவர் என் தங்கையின் கணவர். அதனால் முடிவை வேறொருவர் எடுக்கட்டும். மென்பொருள் வேலை செய்வதை நேரில் பார்த்தேன், மிக நன்றாக இருக்கிறது. ஆனால் வெளியார் எழுதியதாக ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. என் கருத்து, நீக்கலாம்." சாயங்காலத்துக்குள் கட்டுரை போய்விட்டது.

"நீ பண்ணுன வேல, நீயே போயி அழைச்சிட்டு வா" என்று அப்பா கழன்றுகொண்டார். தட்டில் பழமும் பூவும் வேட்டி சேலையும் வைத்துத் தனியாகப் போனேன். தங்கை கதவைத் திறந்தாள், தட்டைக்கூடப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் பலமாகப் பேசின. மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மனப்பாடம் செய்து வைத்திருந்த அழைப்பு பாதியில் மறந்துவிட்டது. "தீபாவளிக்கு வந்துருங்க மாப்ள" என்று மட்டும் வந்தது.

"வாரேன் மச்சான், அதுல என்ன இருக்கு" என்றார். "கட்டுரை போட்டதே தப்புன்னு எங்க ஆளுகள நானும் வஞ்சேன். ஆனா நீங்க அங்க எழுதுனதப் படிச்சேன். மிக நன்றாக இருக்கிறதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மாப்ள."

"கல்யாணமாகி ரெண்டு மாசமாச்சு. எங்கிட்ட ஒருவாட்டிகூடச் சொல்லலையே."

எனக்குச் சுருக்கென்றது. நீக்கச் சொன்னதற்கு ஆயிரம் விளக்கம் தயாராக வைத்திருந்தேன். அத்தனையையும் விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினேன்.

"ரொம்ப நல்லாருக்கு மாப்ள" என்றேன். தலையைத் தூக்காமல் மெதுவாகத்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார்.

"உள்ள கேக்குற மாதிரிச் சொல்லுங்க மச்சான்" என்றார்.