இடது கைக் கிளிகள்

தென்காசியில் கழிவுத் துணிக் கடை எங்கே இருக்கிறதென்று லாரிப் பட்டறைக்காரர்களைக் கேட்டால்தான் தெரியும். கிரீஸ் துடைப்பதற்காகப் புளியறை வரைக்கும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள். மூட்டை கட்டுவதற்கு முன்னால் நான் அங்கே போய்விடுவேன். யாரோ கண் நோகப் பூத்தையல் போட்ட தலையணை உறை, டிவி மேல் விரித்த பூத்துணி எல்லாம் பழைய பாவாடைகளோடு கிடக்கும். பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். எடைக்கு வாங்கி வந்து, அலசி, விட்டுப்போன தையலை மட்டும் மறுபடி போடுவேன். போட்டவள் பெயர் தெரியாவிட்டாலும் வேலை அவளுடையது. என் கை அதில் தெரியக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

போன வருடம் குற்றாலத்தில் சாரல் கட்டிய சமயம் பூத்தையல் போட்ட கெட்டிப் பருத்தியில் ஒரு கேஸ்மென்ட் துணி கிடைத்தது. மாதுளைக் கொப்பில் இரண்டு கிளிகள். ஒன்றின் இறக்கையை எலி கடித்திருந்தது. ஒட்டுத் துணி வைத்து, நிறத்துக்கு நிறம் நூல் பார்த்துப் போட்டும் என் தையல் சேரவே இல்லை. துணியைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இழையெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. போட்டவள் இடது கைக்காரி. நானும் ஊசியை இடது கைக்கு மாற்றினேன். விரலெல்லாம் குத்து வாங்கி, போட்டதைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, சாரல் ஓய்ந்தபோதுதான் இறக்கை முடிந்தது.

கார்த்திகை வாக்கில் சுரண்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கடைக்கார அண்ணாச்சிதான் என் வீட்டைச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் அம்மா இறந்துபோயிருந்தாள். பதினாறாம் நாளுக்குள் இறந்தவர் துணி வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று, அண்ணன் வீட்டில் டிரங்குப் பெட்டியை அப்படியே கவிழ்த்து மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சேலைகளுக்கு அடியில் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா போட்ட கிளிகள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

துணியை விரித்தேன். அவள் கிளிகளைப் பார்க்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்க இழைகளை விரலால் தடவினாள்.

“எங்கம்மைதான். சோறு மட்டுந்தான் வலது கையில திம்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மடித்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. மாமியார் அதை வீட்டுக்குள்ளே விடமாட்டாளாம். செத்தவர் துணி வெளியே போனது போனதுதான், திரும்ப வாசல்படி ஏறக் கூடாது. அந்த அம்மாளும் கெட்டவள் இல்லை. மகன் ராணுவத்தில் எல்லையில் நிற்கிறான், அந்தப் பயம்.

அப்புறம் அவளே கேட்டாள். “அக்கா, இத நீங்க போட்டுக் குடுத்ததுன்னு சொல்லிக்கிடட்டுமா?”

எனக்குச் சுருக்கென்றது. ஊர் பேர் தெரியாதவள் வேலையைக்கூட என்னுடையது என்று நான் சொன்னதில்லை. இதைப் போட்டவளோ இன்னாரென்று தெரிந்தவள், மகளும் எதிரில் நிற்கிறாள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் துணியின் ஒரு ஓரத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

“சொல்லிக்கோ” என்றேன்.

தை பிறந்ததும் சுரண்டையிலிருந்து வீடியோ கால் வந்தது. கிளிகளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியிருந்தார்கள். மாமியார்தான் பேசினாள். கிளி ரெண்டும் இப்போது பறந்துவிடும் போலிருக்கிறது, வருகிறவர்களிடமெல்லாம் உங்களைத்தான் சொல்கிறேன் என்றாள். எனக்குக் கூசியது. எதிர்ச் சுவருக்கு இதே மாதிரி இன்னொன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள்.

“இது மாதிரி போட எனக்கு வராதும்மா” என்றேன்.

அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பின்னால் நின்ற மருமகள் சிரிக்கவில்லை. சட்டத்தின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.